‘ஸ்ட்ராட்டஜிக்கலி’ என்றால் என்ன?

வருடாந்திர மதிப்பீட்டுத் தாளில் மேனேஜர் எழுதியிருந்தது இரண்டே சொற்கள்: ‘ஒர்க்ஸ் ஸ்ட்ராட்டஜிக்கலி.’ ஷூ தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக ஜோடி ஜோடியாகப் புரட்டிப் பார்த்து அனுப்பும் செக்கருக்கு முதல் சொல் புரிந்தது. இரண்டாவது சொல் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தாளை மனைவியிடம் நீட்டினார். அவள் போனில் அகராதியைத் தட்டினாள்.

"தந்திரமாகன்னு போட்டிருக்குங்க. திட்டமிட்டுன்னும் இருக்கு."

"எது முதல்ல இருக்கு?"

"தந்திரம்தான்."

அதற்கப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. "ஆளைக் குறைக்கப் போறாங்கன்னு பேச்சு அடிபடுது. இந்த நேரத்துல தந்திரக்காரன்னு எழுதியிருக்காரே."

"ஒளிவுமறைவு இல்லாத ஆளுன்னு நடந்து காட்டுங்க," என்றாள் அவள்.

மறுநாள் காலையிலேயே தையல் பிரிவின் மேற்பார்வையாளர் முன்னால் போய் நின்றார்.

"அக்கா, உங்க பிரிவுல கோணல் தையல் நிறைய வருது. பாவம்னு இத்தனை நாள் விட்டுட்டேன். சொல்லாம இருக்க மனசு கேக்கல."

"சிரிச்சுப் பேசிக்கிட்டே எல்லாத்தையும் குறிச்சு வெச்சுக்கிட்டு இருந்தீங்களா?"

மதியத்துக்குள் தையல் பிரிவு மொத்தமும் அவரைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டது. பதறிப்போய் மேனேஜர் அறைக்கு ஓடினார்.

"சார், நான் தந்திரக்காரன் இல்ல."

"யாரு சொன்னது?"

"நீங்கதான் சார், எழுத்துல."

"நல்லதாத்தானே எழுதினேன்?" மேனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் போயிற்று.

சாயங்காலம் மாதாந்திரக் கூட்டம். முதலாளியே வந்திருந்தார். "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று அவர் வழக்கம்போல் கேட்க, செக்கர் எழுந்துவிட்டார். எழுந்த பிறகுதான் எழுந்ததே அவருக்குத் தெரிந்தது.

"ஐயா, மூணு மாசமா வர்ற சோல் எல்லாம் பசை விட்டுப் பிரியுது. மேனேஜர் சாரோட மச்சான் அனுப்புற சரக்கு. பாஸ் பண்ணுன்னு சார் போன்ல சொன்னாரு, பண்ணிட்டேன். தப்பு என் பேர்லயும் இருக்கு."

மேனேஜர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். முதலாளி எழுந்து போனார்.

இனி வேலை இருக்காது என்று செக்கருக்குத் தெரிந்துபோயிற்று. அலமாரியைத் திறந்து, சாப்பாட்டு டப்பாவையும் மாற்றுச் சட்டையையும் பையில் திணித்தார். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. பின்னாலேயே முதலாளியின் அட்டெண்டர் வந்து நின்றார்.

"எதுக்கு சார் மூட்டை கட்டுறீங்க? வெளிய அனுப்புற லிஸ்ட்ல முதல் பேரே உங்களுதுதான் இருந்துச்சு. அத்தனை பேர் முன்னால உண்மையைப் போட்டு உடைச்சவரை இப்ப அனுப்பினா நம்ம மானம் போயிடும்னு முதலாளி உங்க பேரை அடிச்சுட்டாரு." அட்டெண்டர் குரலைத் தாழ்த்தினார். "என்கிட்ட மட்டும் சொல்லுங்க சார், எத்தனை நாளா போட்ட திட்டம் இது?"