மூணு கொட்டேஷன் ஒரே கடையில் வாங்கிய நாள்

தலைவலி என்று மூன்று டாக்டர்களைப் போய்ப் பார்த்து, மூவரிடமும் மருந்து என்ன விலை என்று விசாரித்து, விசாரித்து முடிப்பதற்குள் தலைவலியே போய்விட, வெறுங்கையோடு வீடு திரும்பிய மனிதர் மலேசியாவின் கெடா மாநிலத்திலேயே ஒருவர்தான். அவரை நாங்கள் எல்லாரும் ‘மூணு கொட்டேஷன்’ என்றே கூப்பிட்டோம். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் எட்டிப் பார்க்கும்.

சுங்கை பட்டாணிக்குப் பக்கத்தில் ஓர் இராணுவ முகாம். அங்கே பொருள் வாங்கும் பிரிவில் அவர் பெரிய கிராணி, அதாவது குமாஸ்தா; நான் சின்ன கிராணி. இரண்டு பேருக்கும் சீருடை கிடையாது, துப்பாக்கி கிடையாது, காகிதம்தான். எதை வாங்கினாலும் மூன்று இடத்தில் விலை எழுதி வாங்க வேண்டும் என்பது ஆபீஸ் விதி. மற்றவர்களுக்கு அந்த விதி ஐந்து மணிக்கு முடிந்துவிடும். அவருக்கு அது வீட்டுக்கும் கூடவே போகும்.

காலையில் பசியாறப் போனால் முதலில் மூன்று கடைகளையும் ஒரு சுற்று வருவார். ரொட்டி சானாய் எவ்வளவு பெரிசு, குழம்பு இரண்டாம் தடவை ஊற்றுவார்களா, தேத்தண்ணீரில் பால் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே போவார். ஒரு நாள் முகாம் வாசலில் கடை போட்டிருந்த, நாங்கள் ‘காக்கா’ என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் பொறுமை இழந்துவிட்டார்.

“அண்ணே, ரொட்டிதானே கேக்குறீங்க? என்னமோ பீரங்கி வாங்குற மாதிரி நிக்கிறீங்க!”

“பீரங்கிய யோசிக்காமலே வாங்கிடுறாங்க காக்கா. அதான் நான் ரொட்டிக்காவது யோசிக்கிறேன்” என்றார் இவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

கல்யாணக் கதை இன்னும் மோசம். கரங்கானில் பெண் பார்க்கப் போன இடத்தில், கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, “இன்னும் ரெண்டு இடம் பாத்துட்டுச் சொல்றேங்க” என்று பெண்ணின் அப்பாவிடம் நேராகவே சொல்லிவிட்டார். உள்ளே இருந்து பெண்ணின் குரல் வந்ததாம்: “அப்பா, அவர போகச் சொல்லுங்க. நானும் இன்னும் ரெண்டு மாப்பிள்ளையப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்.” அந்தக் குரலுக்கே அவர் மனசு விழுந்துவிட்டது. மற்ற இரண்டு இடங்களுக்கும் அவர் போகவே இல்லை என்று ஊர் சொல்லும். போனேன், விதி விதிதான் என்று அவர் சத்தியம் செய்வார். அந்தப் பெண், பிறகு அவருக்கே மனைவியாக வந்தவர், இரண்டு மாப்பிள்ளைகளைப் பார்த்தது மட்டும் உண்மை.

அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. ஒரு வருஷம் மழைக்கோட்டு வாங்க மூன்று கொட்டேஷன் போதாது, மூன்றும் ஒழுங்கான கொட்டேஷனாக இருக்க வேண்டும் என்று திருப்பித் திருப்பி அனுப்பினார். கோட்டு வந்து சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் முகாம் மேஜர் அதை மறக்கவே இல்லை.

அதனால்தான் படகு விஷயத்தில் மேஜர் அவரைக் கேட்கவில்லை. எங்கள் முகாமில் வெள்ள மீட்புக்கென்று நான்கு படகுகள் இருந்தன. அவற்றின் இன்ஜினைப் பார்த்துக்கொள்வது, சாமான் மாற்றுவது எல்லாவற்றையும் ஒரே கம்பெனியிடம் கொடுப்பதாக மேலே முடிவாகிவிட்டது. வேறு யாரும் இன்ஜினைத் திறக்கக் கூடாது, வேறு யார் சாமானும் போடக் கூடாது. மலாயில் அதற்கு ‘ருண்டிங்கான் தெருஸ்’ என்று பெயர். போட்டி கீட்டி இல்லாமல் ஒருவரிடமே நேராகப் பேசி முடிப்பது.

“தெருஸ் தெருஸ்னு போனா ஒரு நாள் தெருவுலதான்லா நிப்போம்” என்று ஆபீஸே கேட்கும்படி சொன்னார் எங்கள் ஆள்.

கோலாலம்பூரிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்த கம்பெனித் தம்பியையும் விடவில்லை. “ஏன் தம்பி, உங்க கம்பெனிக்கு ஒரு நாள் சொகமில்லன்னா எங்க போட்டை யாரு பாப்பாங்க?”

“எங்களுக்கு அப்படியெல்லாம் ஆகாது அண்ணே.”

“எல்லாருக்கும் ஆகும்லா. அதுக்குத்தான் மூணு பேரு.”

இதையே அவர் கோப்பிலும் எழுதி வைத்தார். அடுத்த வாரம் கம்பளிப் போர்வைக் கிடங்குக்கு மாற்றலாகிப் போனார். ஆபீஸில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அக்கா கரங்கான் பக்கம் ஆற்றோரத் தோட்டத்தில் குடியிருந்தாள். மாமாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. மழை வலுத்தால் அவளையும் மூன்று பிள்ளைகளையும் வெளியே கொண்டுவர அந்த நான்கு படகுகளை விட்டால் வேறு நாதியில்லை.

அந்த வருஷம் மழை வலுத்தது. ஒரு காலை எட்டு மணிக்கு அக்கா போன் செய்தாள்.

“தம்பி, தண்ணி வாசப்படி தாண்டிருச்சு. பிள்ளைங்கள மேச மேல ஏத்திட்டேன். உங்க கேம்ப் போட்டு வருதா, வரலியா?”

வரவில்லை. ஒரு படகு வேறு ஊருக்குப் போயிருந்தது. மற்ற மூன்றும் கிளப்பின ஐந்தாவது நிமிஷம் சூடாகி நின்றன. இன்ஜினுக்குத் தண்ணீர் இழுக்கிற, உள்ளங்கையில் அடங்குகிற ரப்பர் சக்கரம் தேய்ந்து போயிருந்தது. கம்பெனிக்குப் போன் அடித்தோம். ஸ்டாக் அடுத்த மாதம்தான் வரும் என்றார்கள். மேஜர் போனைக் காதில் வைத்தபடி கத்தினார், கெஞ்சினார், பிறகு போனை வைத்துவிட்டார்.

அப்போதுதான் போர்வைக் கிடங்கிலிருந்து மூணு கொட்டேஷன் வந்தார், கையில் மடித்த காகிதத்தோடு. யாரும் கேட்காமலே, தன் வேலையே இல்லாதபோதும், ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மீனவர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் அந்த ரப்பர் சக்கரத்தை விசாரித்து எழுதி வைத்திருந்தார் மனிதர்! அதே அளவு, அதே சக்கரம். மேஜர் காகிதத்தைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். போ என்று தலையை மட்டும் ஆட்டினார்.

என் காரில், எங்கள் பேச்சில் காடியில்தான் போனோம். திகாம் பத்துவில் முதல் கடை திறந்திருந்தது. கடை முதலாளியான சீனத் தவுக்கே மூன்று சக்கரங்களை எடுத்து மேசை மேல் வைத்தார். எங்கள் ஆள் ஒன்றை எடுத்துப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். பிறகு காடிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, நான் எழுதி வச்சது பழைய வெல. இன்னிக்கு வெல கேக்க இன்னும் ரெண்டு கட இருக்கு. பக்கம்தான். பத்து நிமிஷம்...”

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்டியரிங்கைக் குத்தினேன். “அண்ணே! என் அக்கா தண்ணிக்குள்ள நிக்குதுண்ணே!”

அவர் முகம் செத்துவிட்டது. இறங்கி ஓடினார். அந்த வயதில், அந்த உடம்போடு அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். கடைக்குள்ளிருந்து மூன்று சக்கரங்களையும் சட்டைக்குள் போட்டு அணைத்துக்கொண்டு வந்தார்.

திறக்கக் கூடாத இன்ஜினை எங்கள் சிப்பாய்களே திறந்து மாட்டினார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு அக்காவும் பிள்ளைகளும் படகில் ஏறிவிட்டதாகப் போன் வந்தது. நான் ஆபீஸ் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். அவர் ஒரு போர்வையைக் கொண்டுவந்து என் தோளில் போட்டுவிட்டுப் போனார்.

கம்பெனி சும்மா இருக்குமா? ஒப்பந்தத்தை மீறி இன்ஜினைத் திறந்தது யார், வெளிச்சாமான் வாங்கியது யார் என்று கடிதம் போட்டது. அவருக்குக் காரணம் கேட்டு ஓலை வந்தது. பதிலை நான்தான் டைப் அடித்தேன். வெள்ளம், பிள்ளைகள், மேஜர் தலையாட்டியது எதையும் அவர் எழுதச் சொல்லவில்லை. ‘அன்று ஒரே கடையில் மட்டும் விலை கேட்டு வாங்கியது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரே வரி.

“அண்ணே, அவங்க கேட்டது அது இல்லையே!”

“கேக்காட்டியும் தப்பு தப்புதான் தம்பி. அடி.”

அடித்தேன். அவரை முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். பண்டார் பாருவில் மகன் வீட்டோடு போய்விட்டார். போகும்முன் அக்கா அவருக்கு நன்றி சொல்ல முகாம் வாசலுக்கு வந்து நின்றாள். அவர் போர்வைக் கிடங்கைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தார். நான் போய்த் தட்டியபோது கதவைத் திறக்காமலே சொன்னார்: “தம்பி, காடியில நான் பத்து நிமிஷம் கேட்டத அக்காகிட்ட சொல்லிடாத. ஒன்னக் கெஞ்சிக் கேக்குறேன்.”

நான் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் சொல்லவில்லை. முகாமில் இப்போதும் அதே கம்பெனிதான். அவர்கள் பில்லில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் பக்கத்து நாற்காலியைப் பார்க்கிறேன். திட்டுவதற்காவது அவர் இருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது. போன மாதம் அவர் தவறிவிட்டார். பண்டார் பாருவில் எல்லாம் முடிந்து திரும்பும்போது, காடியில் அக்காவிடம் அந்தப் பத்து நிமிஷத்தைச் சொல்லிவிட்டேன். வாக்கு மீறியதற்கு அண்ணன் என்னை மன்னிக்க வேண்டும்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத்தான் திட்டினாள்.

“பத்து நிமிஷம்தானேடா? குடுத்திருக்கலாம்லா. அந்த மனுஷனுக்காக நான் நின்னிருப்பேன்.”