தேசாதிபதியின் மீசை

அந்தப் பாஸ்கா நாடகத்தை நினைத்தால், பத்து வருஷம் ஆகியும் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஊர் மேல், சித்தப்பா மேல், பேச்சியக்கா மேல், ரோமாபுரி மேல். (என் மேல் வரவேண்டியதை இத்தனை பேருக்கும் பங்கு வைத்துவிட்டேன்.)

எழுபதுகளின் கடைசி. கோவில்பட்டியில் கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். ஊர் அதை மறந்துவிடாதபடி பார்த்துக்கொண்டேன். வகுப்பில் ஒரு கேள்வி கொடுத்தார்கள்: ரோமர்கள் தங்களை ஆண்டவர்களின் முகத்தைக் கல்லில் ஏன் அப்படிச் செதுக்கினார்கள்? அந்த முகம் மக்களை எதை நம்ப வைத்தது? நூலகத்தில் படம் படமாகப் பார்த்தேன். இயேசு காலத்து ரோமானிய ஆட்சியாளர் ஒருவருக்கும் மீசை இல்லை.

பசுவந்தனைப் பக்கத்தில் எங்கள் ஊர். ஈஸ்டருக்கு முன்னால் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவோம். தீர்ப்புச் சொல்லும் ரோமாபுரி தேசாதிபதி எப்போதும் அப்பாதான். காரணம், அவர் மீசை. சரிகைத் தலைப்பாகை, இடுப்பில் வாள், முறுக்கிய மீசை. அசல் பாளையக்காரர்!

“இது ரோமாபுரியா, ராஜபார்ட்டா?” என்று குதித்தேன். வருஷா வருஷம் நாடகத்தை நடத்தும் எங்கள் சர்ச் உபதேசியார் பயந்துபோய் அந்த வருஷ நாடகத்தை என்னிடமே கொடுத்துவிட்டார்.

சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “பொட்டப்புள்ள நாடகம் போடுதாளாம்! போடட்டும். ஊரு சிரிச்சுன்னா அதோட காலேசு நிக்கணும், அண்ணே. மாப்பிள்ளை பாத்தாச்சு.”

அப்பா தலையாட்டிவிட்டார். நான் அவரிடம் போனேன்.

“மீசையை எடுங்கப்பா.”

“ஏட்டி, கழுத்தைக் கேளு, தாரேன்.”

“ரோமாபுரிக்காரனுக்கு மீசை கெடையாதுப்பா. புஸ்தகத்துல இருக்கு.”

புத்தகத்தில் இருந்தால் அப்பா மறுபேச்சுப் பேசமாட்டார். நாடகத்தன்று சாயங்காலம் எடுத்துவிட்டு, துண்டால் வாயை மூடிக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்து சேர்ந்தார்.

திரை விலகியது. தோளைச் சுற்றி வெள்ளை வேட்டி, வழுவழு முகம். கூட்டத்தில் சத்தமே இல்லை. மலைத்துப்போய்விட்டார்கள் என்று பூரித்தேன். (மூளை எங்கே போயிருந்ததோ!)

எங்கள் பக்கம் ஒரு ஆம்பளை மீசையை எடுத்தால் பெற்றவர் இறந்துவிட்டார் என்று அர்த்தம். பக்கத்து ஊரில் ஆடு மேய்க்கும் பேச்சியக்கா முதலில் எழுந்தாள். “ஐயோ, பெரியவரே! சொல்லாமப் போயிட்டீரே!” என்று மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். கூடவே நாலு பேர்.

முன்வரிசையில் அவித்த கடலை தின்றுகொண்டிருந்த என் தாத்தா திரும்பிப் பார்த்தார். “ஏ மூதி, நான் இங்கனதான இருக்கேன்!”

ஊரே உருண்டு சிரித்தது. “வசனத்தைச் சொல்லுங்கப்பா!” என்று திரைக்குப் பின்னாலிருந்து பல்லைக் கடித்தேன். அப்பாவுக்கு மீசையை முறுக்காமல் வசனம் வராது. கை மேலே போனது, ஒன்றும் கிடைக்காமல் இறங்கியது. மறுபடி போனது. கட்டுண்டு நின்ற இயேசுவே, “சொல்லும் மாமா” என்று கெஞ்சினார்.

சித்தப்பா தன் மீசையை நிதானமாக முறுக்கினார். “காலேசு முடிஞ்சுது, அண்ணே!”

அப்போதுதான் அப்பாவுக்குக் குரல் வந்தது.

“எவம்லே சிரிக்கது? ரோமாபுரிக்காரனுக்கு மீசை கெடையாதுலே! எம்மவ படிச்சுச் சொல்லுதா. இன்னமும் படிப்பா! ஒண்ணும் தெரியாத பயலுவ வாயை மூடுங்கலே!”

கூட்டம் அடங்கியது. சித்தப்பாவின் கை மீசையிலேயே நின்றது. அதே ஆவேசத்தில் அப்பா இயேசுவின் கட்டை அவிழ்த்து, “நீ வீட்டுக்குப் போய்யா” என்று அனுப்பிவிட்டார். மறுபடி பிடித்துவர உபதேசியார் தெருக்கோடி வரை ஓடவேண்டியிருந்தது.

என் படிப்பு நிற்கவில்லை. ஆளும் முகம் எது என்பதைச் சிற்பி தீர்மானிப்பதில்லை, முன்வரிசையில் கடலை தின்பவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள் என்று வகுப்பில் கொடுத்த அந்தக் கேள்விக்கு விடை எழுதினேன். சிவப்பு மையில் அடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் கோபமும் பாக்கி இருக்கிறது.

அப்பாவின் மீசை பழையபடி வளர்ந்துவிட்டது. ஆனால், “ஒரு புஸ்தகத்துல படிச்சேன்” என்று நான் வாயெடுத்தால் போதும், அப்பா, சித்தப்பா, என் வீட்டுக்காரர் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் மேலுதட்டைக் கையால் பொத்திக்கொள்கிறார்கள். இப்போது, இன்னும் பால்பல் விழாத என் மகனும்.