மருமகன் பட்டமும் மாமன் தாடியும்

ஈப்போ,
ஞாயிற்றுக்கிழமை, கடை கழுவிய பிறகு.

அன்பு மருமகன் பவித்ரனுக்கு,

உன் தாய்மாமன் கனகராஜின் ஆசிகள். இங்கே நான், உன் அத்தை பிரமிளா, என் தாடி மூவரும் சுகம். ஜொகூரில் உன் படிப்பின் சுகத்தை அறிய ஆவல். வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுகிறதே தவிர உன்னிடமிருந்து பதில் விழவில்லை. ஆகையால்தான் இந்தக் காலத்திலும் தபால் தலை தேடி அலைய வேண்டியதாயிற்று.

நீ இன்சூரன்ஸ் கணக்குப் போடுகிற காப்புறுதிக் கணிதம் படிக்கச் சேர்ந்த அன்று, சிலிம் ரிவர் தோட்டத்து மாரியம்மன் முன்னால், உனக்குப் பட்டம் கிடைக்கும் வரை என் முகத்தில் கத்தி படாது என்று வேண்டிக்கொண்டேன். உன் அம்மா, என் அக்கா கலாதேவி, பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படிப்பு சீக்கிரம் முடிந்துவிடும், தாடியும் அளவோடு நிற்கும் என்று நம்பினேன். நீ பரீட்சையில் கோட்டை விட விட, அது நெஞ்சு வரை இறங்கிவிட்டது. மீசையோடு நிறுத்தியிருக்கலாம், வாய் சும்மா இருந்ததா?

கடையில் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் வீசிப் போடுகிறவனுக்குத் தாடி எவ்வளவு தொந்தரவு என்று உன் புத்தகம் எதிலும் இருக்காது. மாவை வீசினால் தாடியும் சேர்ந்து வீசுகிறது, கல்லுக்குக் குனிந்தால் கருகுகிற வாடை வருகிறது, சுகாதார அதிகாரியம்மா வந்து தலைக்குத் தொப்பி போதாது தாடிக்கும் வலை மாட்டு என்று சொல்லிவிட்டுப் போனார், வலையை மாட்டிக்கொண்டு நின்றால் சிம்பாங் பூலாய் லாரிக்காரர்கள் எனக்கு ஏதோ ஆபரேஷன் என்று நினைத்து ஆரஞ்சுப் பழம் வாங்கி வருகிறார்கள், கழற்றினால் எதிர்க்கடைச் சீன முதலாளி தவுக்கே என்னைச் சாமியார் என்றே முடிவு கட்டி, “சாமி, நாலு நம்பர் குடு லா” என்று கைகட்டி நிற்கிறார். தொல்லை தாங்காமல் ஒரு நாள் எதிரில் நின்ற மோட்டார் சைக்கிள் நம்பரைச் சொல்லித் தொலைத்தேன். லாட்டரியில் அது அடித்துவிட்டது. இப்போது நம்பர் கேட்கத்தான் கூட்டம். ரொட்டி கேட்க ஆளில்லை.

இந்த லட்சணத்தில்தான் போன மாதம் நீ கூப்பிட்டாய்.

“மாமா, எனக்கு இந்தப் படிப்பு புடிக்கல மாமா. கிளாஸ்ல உட்காந்தாலே மூச்சு முட்டுது. நிறுத்திரலாமான்னு இருக்கு.”

“அப்போ என் தாடி என்னாகுறது?” என்றேன்.

“சரி மாமா” என்று வைத்துவிட்டாய். அந்தச் “சரி மாமா” அன்றிலிருந்து என் காதை விட்டுப் போகவில்லை. இருந்தாலும் நான் கேட்டதில் நியாயம் இருக்கிறதா இல்லையா? பட்டம் வந்தால்தான் வேண்டுதல் முடியும். பாதியில் விட்டால் இந்தத் தாடி என்னோடு சுடுகாடு வரை வரும். பூசாரியிடம் ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். “ஆத்தாகிட்ட பேசுனது நீங்க, என்னைய ஏண்ணே இழுக்குறீங்க?” என்று கையை விரித்துவிட்டார்.

ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு படித்து முடித்துவிடு. யாருக்குத்தான் படிப்பு பிடிக்கிறது? வருகிற தைப்பூசத்துக்குள் உனக்குப் பட்டமும் எனக்குச் சவரமும் கிடைக்க ஆத்தா அருளட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
முகம் மறந்துபோன உன் மாமன்,
கனகராஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உன் அத்தைக்கு இதை வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தவள் கடைசியில், “எல்லாம் உங்க தாடியாவே இருக்கு. நம்ம பவி எப்படி இருக்கான்னு ஒரு வரி கேட்டீங்களா?” என்றாள். திரும்பவும் வாசித்தேன். கேட்கவில்லை. தீபாவளிக்கு வந்தபோது நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், ஒரு வாய் வைக்கவில்லை. பார்த்தேன். அன்றைக்கும் கேட்கவில்லை.

மேலே எழுதியதை எல்லாம் விட்டுத்தள்ளு. படிப்பை விட வேண்டுமென்றால் விட்டுவிட்டு வந்துவிடு. அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன், ஆத்தாவிடமும் நானே பேசிக்கொள்கிறேன். தாடி இருந்துவிட்டுப் போகட்டும், பழகிவிட்டது. முதலில் எனக்கு ஒரு போன் போடு. காலை நேரக் கூட்டம், மாமா கல்லுக்கு முன்னால் நிற்பார் என்றெல்லாம் பார்க்காதே. நீ பேசு. இந்தத் தடவை நான் குறுக்கே பேச மாட்டேன்.