பிலஹரியின் ஒற்றைப் பிளேட்

சங்கீத ரசிகர்களில் எத்தனையோ ரகம் உண்டு. கூட இருப்பவனைச் சித்திரவதை செய்தே தீருவது என்று பிறந்த ரசிகர் ஒருவர்தான். அவரோடு ஏழு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிக்க வேண்டுமென்று என் தலையில் எழுதியிருந்தது.

யுத்தத்துக்கு முந்திய பெங்களூர். அல்சூரில் ஒரு கம்பவுண்டர் வீட்டு முன்னறையில் ஞாயிறு சாயங்காலம் நாங்கள் மூன்று பேர் கூடுவோம். அந்த வாரம் அவரவர் கேட்டுக்கொண்டிருக்கிற கிராமபோன் பிளேட்டைக் கொண்டுவந்து போட வேண்டும். முடிகிறவரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. பிறகு கொண்டுவந்தவர் அதைப்பற்றிப் பேசலாம். இது கம்பவுண்டர் போட்ட சட்டம். ஆபீஸ் குமாஸ்தாவான நான், கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கியாவது வாரம் ஒரு புதுப் பிளேட்டோடு போய்விடுவேன்.

மூன்றாமவர் தொம்மலூரிலிருந்து நடந்தே வருவார். ஜட்கா குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர். ஊரைவிட்டுப் போன ஒரு வக்கீல், தன் குதிரையின் குளம்பைக் குணப்படுத்தியதற்காக, தன் கிராமபோனையும் அதன்மேல் கிடந்த ஒரே பிளேட்டையும் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். அதில் இருந்தது பிலஹரி ராகத்தில் ஒரு பாட்டு. லேபிள் காகிதம் உரிந்துபோனதால் பாடிய அம்மாள் யாரென்று எவருக்கும் தெரியாது. வாரா வாரம் அதே பிளேட்டைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவருக்குப் பிலஹரி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அதே பிளேட்தான், ஆனால் பேச்சு மட்டும் வாரம் ஒன்று புதிதாக இருக்கும்.

"இந்த வாரந்தாங்க கவனிச்சேன். ரெண்டாவது அடியில அந்தம்மா ஒரு மூச்சு எடுக்குறாங்க பாருங்க."

அடுத்த வாரம், "மிருதங்கக்காரருக்கு அன்னிக்கு வீட்ல ஏதோ சண்டை. அடியிலயே தெரியுது."

அதற்கடுத்த வாரம், "அந்தம்மா காலையில ஒண்ணும் சாப்பிடாம வந்து பாடியிருக்காங்க, பாவம்."

பிலஹரி உற்சாகமான ராகம் என்பார்கள். எனக்கு அதைக் கேட்டால் எங்காவது கண்காணாத இடத்துக்குப் போய்விடலாம் என்று இருக்கும். கம்பவுண்டர் தொழில் தர்மப்படி காதில் பஞ்சு வைத்துக்கொள்வார், எனக்கும் கொஞ்சம் கொடுப்பார். ஒருமுறை நாங்கள் இருவரும் சேர்ந்து அவருக்கு வேறொரு பிளேட்டைக் கொடுத்துப் பார்த்தோம். மறுவாரமே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

"மன்னிக்கணுங்க. என் பிளேட்டையே நான் இன்னும் கேட்டு முடிக்கலை."

வருஷங்கள் போகப் போகப் பிளேட் நரைத்துவிட்டது. பாட்டை மூடிக்கொண்டு எண்ணெயில் வடை போட்டது போன்ற இரைச்சல் எழும்பிற்று. ஒரு ஞாயிறு, ஆபீசில் வாங்கிய திட்டோடு வந்திருந்த நான் பொறுமை இழந்தேன்.

"ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இனிமே அந்தப் பிளேட்டைக் கொண்டு வராதீங்க."

"சரிங்க" என்றார். அவ்வளவுதான்.

மறுவாரம் வெறுங்கையோடு வந்தார். அவர் முறை வந்ததும் கம்பவுண்டர், "இந்த வாரம் என்ன கேட்டீங்க?" என்றார்.

"ஒண்ணும் கேக்கலைங்க."

அதற்கடுத்த வாரமும் அதே பதில்தான். மூன்றாம் வாரம் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வீட்ல மிஷின் இருக்கு, பிளேட் இருக்கு. நீங்களே போட்டுக் கேக்குறதுக்கு என்னய்யா கேடு?"

அவர் சங்கடத்தோடு துண்டை மடித்தார். "வீட்ல போட்டு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க. ஒவ்வொரு தபா போடும்போதும் ஊசி கொஞ்சம் தின்னுடுது. நான் ஒருத்தன் கேக்குறதுக்காக அது தேயணுமா? இங்கன்னா மூணு பேருக்கு ஆகுதேன்னு ஞாயித்துக்கிழமைக்குன்னு வச்சிருந்தேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கம்பவுண்டர் என்னைப் பார்த்த பார்வை, பஞ்சு கொடுத்ததே நான்தான் என்பதுபோல் இருந்தது. அடுத்த ஞாயிறு பிளேட்டைக் கொண்டுவரச் சொல்லி இருவரும் கெஞ்சினோம்.

கொண்டுவந்தார். கம்பவுண்டர் புது ஊசி மாட்டிச் சாவி கொடுத்தார். இரைச்சல் வந்தது. கடைசிவரை இரைச்சல் மட்டுமே வந்தது. பிலஹரி தலையைச் சாய்த்து, குழாயருகே காதைக் கொண்டுபோய்க் கேட்டார்.

"உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?" என்றார். "எனக்குக் கேக்கலை."

கம்பவுண்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு என்ன தோன்றியதோ, வாயைத் திறந்து பாட ஆரம்பித்துவிட்டேன். ஆயுசில் பாடாதவன் நான். ஆனால் இத்தனை வருஷம் பஞ்சையும் மீறி உள்ளே போன பாட்டாயிற்றே. சபித்துச் சபித்து அதன் ஒரு சங்கதிகூட விடாமல் எனக்குப் பாடமாகியிருந்தது. காக்கைக் குரலில் முழுவதையும் பாடி முடித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த பிலஹரி, சட்டப்படி முடிந்த பிறகே பேசினார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா அந்தம்மா இவ்வளவு கோவமாப் பாடலைங்க."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவர் முறை வந்தால் நான் பாடினேன். அவர் வாராவாரம் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் காய்ச்சலில் அவர் போய்விட்டார், அப்புறம் கம்பவுண்டரும் போனார். அந்தப் பாட்டு இப்போது என் ஒருவனிடம்தான் இருக்கிறது. என் தொண்டையும் வர வரக் கரகரக்கிறது. ஆகையால் தனியாக இருக்கும்போது அதைப் பாடிச் செலவழிக்க எனக்கு மனம் வருவதில்லை.