அன்னம்மா வீட்டு உலக்கை

கடைசி வரியைக் கண்ணை மூடி இழுத்து முடித்தார் தனசேகரன். ஆர்மோனியம் ஓய்ந்தது. தபேலா ஓய்ந்தது. மறுநொடி தலைக்கு மேலே, "டொம்! டொம்! டொம்!"

மேல்மாடிப் பலகைகளின் இடுக்கிலிருந்து தூசி கொட்டியது. பாதி ஆர்மோனியத்தின் மேலும், மீதி இன்னும் மூடாமலிருந்த தனசேகரன் வாயிலும்.

"ஆரம்பிச்சுட்டாங்கய்யா மகராசி," என்று ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்தார் வேலாயுதம்.

"நல்லா பாடுனேன்லா பாய்?" என்று தூசியைத் துப்பினார் தனசேகரன்.

"பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. ரூம் இருக்குமான்னு பாரு," என்று தபேலாவைத் தள்ளிவைத்தார் சேக் தாவூது.

டன்லப் ஸ்ட்ரீட்டில் அந்த வீட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. முழு வீட்டையும் தன் பெயரில் வாடகைக்கு எடுத்து, அறை அறையாகத் தடுத்து உள்வாடகைக்கு விட்டிருந்தவர் அன்னம்மா. கீழே முன்பக்கம் சேக் தாவூதின் தையல்கடை. அதற்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி தனசேகரனும் அவர் மனைவி தங்கமும். மாடி முழுக்க அன்னம்மாவின் ராஜ்ஜியம். துணைக்குச் சமையல் முத்தாயி.

கீழ்வீட்டு ஆண்களோடு அன்னம்மா பேசுவதில்லை. கணவர் இறந்துபோனதிலிருந்து அப்படி ஓர் ஒழுங்கு. வாடகை விஷயத்தை முத்தாயி வந்து சொல்வாள். மற்றதையெல்லாம் அவர் மாடித்தரையில் இடிக்கும் உலக்கை சொல்லும். குழாயைத் திறந்து போட்டால் ஓர் இடி. பின்கதவைத் தாழ் போடாவிட்டால் இரண்டு. மூன்று இடிக்கு மட்டும் யாருக்கும் அர்த்தம் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் என்று தெரு நம்பியது பரமசிவத்தை. அதே அறையில் முன்பு குடியிருந்து கிளாரினெட் வாசித்தவர். மூன்று மூன்றாக இடி வாங்கினார். மறுமாதம் அறை காலி. அவர் இப்போது எங்கேயோ சுவா சூ காங் பக்கம் கோழிப்பண்ணையில் இருப்பதாகக் கேள்வி.

அதனால்தான் மூன்று இடி கேட்டதும் தங்கம் கணவரிடம் சண்டைக்கு வந்தாள். தேக்கா வட்டாரத்தில் அறை கிடைப்பது அவ்வளவு சுலபமா? கிடைத்த அறைக்கு ஜன்னல் இருக்காது. ஜன்னல் இருந்தால் குழாய் இருக்காது.

"இதுல ரெண்டும் இருக்கு. உங்க பாட்டால இது போச்சுன்னா, ஆர்மோனியப் பெட்டியிலதான் குடித்தனம் பண்ணணும்."

"வேலுவோட பெட்டி அது. அவன் தரமாட்டான்."

"சிரிப்பா இருக்கா உங்களுக்கு?"

சிரிப்பில்லை, ஆனால் விடவும் முடியவில்லை. அது தேர்தல் முடிந்து, ஊரெல்லாம் ஒலிபெருக்கிகள் வேலையில்லாமல் கிடந்த வருடம். அதில் ஒன்றை இரவல் பிடித்து, வீட்டுப் பின்சந்தில் சனி, ஞாயிறு இரண்டு மாலையும் பாட்டுக் கச்சேரி வைப்பதென்று நண்பர்கள் மூவரும் முடிவு செய்திருந்தார்கள். சனிக்கிழமை இவர்கள் குழு. ஞாயிற்றுக்கிழமை கேலாங் சிராயிலிருந்து ஹாஷிமின் மலாய் ஜோகெட் ஆட்டக் குழு. போலீஸ் பெர்மிட் வாங்கியாயிற்று. கோப்பிக்கடை முதலாளி, தவுக்கே ஆ செங் நாற்காலி தருவதாகச் சொல்லிவிட்டார். அவர் கடைச் சுவரில் 'இரண்டு மாலை காதல் கானங்கள்' என்று நோட்டீஸும் ஒட்டியாயிற்று.

தனசேகரனுக்கு மேடை என்பது முதல் தடவை. கல்யாண வீடுகளில் பாடியிருக்கிறார். அங்கெல்லாம் பாதிப் பாட்டில் பந்தி போட்டுவிடுவார்கள். அவரை இன்னொரு தடவை பாடச் சொன்னவர்கள் இதுவரை உலகத்தில் கிடையாது. அது தெருவுக்கே தெரியும். அவருக்கும் தெரியும் என்பதுதான் பாவம்.

"மெதுவாப் பாடிப் பழகலாம்," என்றார் வேலாயுதம். அவர் பஸ் டிரைவர். எதற்கும் முதலில் வேகத்தைக் குறைப்பார்.

மறுநாள் கொசு முணுமுணுப்பது போலப் பாடினார்கள். பாட்டு முடியும்வரைகூட உலக்கை பொறுக்கவில்லை. நடுவிலேயே இடித்தது, முந்தின நாளைவிட பலமாக.

"மெதுவாப் பாடுனா கோபம் கூடுதே!" என்றார் தனசேகரன்.

"இடுக்கு வழியாத்தான் சத்தம் போகுது. அடைச்சுப்புடுவோம்," என்றார் சேக் தாவூது.

தையல்கடையில் துண்டுத்துணிக்குப் பஞ்சமா? தனசேகரன் அறையில் மேசைமேல் ஏறி, பலகை இடுக்குகளில் எல்லாம் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் திணித்தார் பாய். கூரை கல்யாணப் பந்தல் மாதிரி ஆயிற்று. அன்றைக்குத் தைரியமாகப் பாடினார்கள். இடியும் இல்லை.

காலையில் தங்கம் அண்ணாந்து பார்த்து அலறினாள். துணி ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் மேலேயிருந்து பிடுங்கி எடுத்திருந்தார்கள். போதாததற்கு ஒரு பலகையின் ஓரத்தைப் பெயர்த்து, ஒரு கண் வைத்துப் பார்க்கும் அளவுக்கு ஓட்டை.

"வேவு பாக்குறாங்க. நம்ம என்ன பண்றோம்னு பாத்து, ஆதாரத்தோட வெளிய அனுப்பப் போறாங்க," என்றார் வேலாயுதம்.

அன்றிலிருந்து தங்கம் அந்த ஓட்டைக்கு நேர்கீழே நின்று புடவை மாற்றுவதில்லை.

சேக் தாவூதுக்கு ஒரு யோசனை. "ஒருவேளை பாட்டுதான் பிடிக்கலையோ? சாமிப் பாட்டு ஒண்ணு எடுத்து வுடு."

முருகன் பாட்டு ஒன்றைப் பாடினார் தனசேகரன். முடித்தார். மூவரும் கூரையைப் பார்த்தார்கள். சத்தமே இல்லை. சோதித்துப் பார்க்க, நபிகள் மீது ஒரு பாட்டைப் பாய் பாடினார். அதற்கும் சத்தமில்லை. கடைசியாக ஒரு காதல் பாட்டு. முடிந்ததுதான் தாமதம், டொம் டொம் டொம்!

அன்னம்மாவுக்கு எம்மதமும் சம்மதம், காதல் மட்டும்தான் சம்மதமில்லை என்பது தெளிவாயிற்று.

"அப்ப ரெண்டு நாளும் சாமிப் பாட்டே பாடிடுங்களேன்," என்றாள் தங்கம்.

"நோட்டீஸ்ல காதல் கானம்னு போட்டாச்சும்மா. அதுவுமில்லாம, சாமிப் பாட்டுக்கு ஜோகெட் ஆடச் சொன்னா ஹாஷிம் என்ன நினைப்பான்?" என்றார் பாய்.

ஆக, பாட்டை மாற்ற முடியாது. அன்னம்மாவைத்தான் இடம் மாற்ற வேண்டும். அவருடைய தங்கை பிடோக்கில், கடற்கரை ஓரம் தென்னந்தோப்புக்குள் இருந்தார். வேலாயுதத்தின் பஸ் போகும் வழிதான். போய் நிறுத்தி, "உங்க அக்கா உங்களைப் பாக்கணும்னு ஏங்கிப் போயிருக்காங்க, நீங்க கூப்பிட்டாத்தான் வருவாங்க," என்று அளந்துவிட்டார். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுநாளே வந்து, சனி, ஞாயிறு இரண்டு நாளும் தன் வீட்டில்தான் என்று அக்காவைக் கட்டாயப்படுத்திவிட்டார். பின்சந்துக் கச்சேரி விஷயம் மேல்மாடிக்குத் தெரியாது. அன்னம்மா தெருவில் இறங்குவது அபூர்வம். முத்தாயிக்கு நோட்டீஸ் படிக்கத் தெரியாது. வாயைத் திறக்கவும் மாட்டாள். இந்தத் தெருவில் அவளிடமிருந்து ஒரு சேதி பிடுங்கியவர்கள் இல்லை.

சனிக்கிழமை காலை அன்னம்மா மனசில்லாமல் கிளம்பினார். டாக்சியில் ஏறுமுன் தனசேகரன் அறை ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார். முத்தாயியிடம் ஏதோ சொன்னார்.

முத்தாயி வந்து ஒப்பித்தாள்: "அம்மா திங்கக்கிழமை வந்ததும் ரூம் விஷயமா உங்ககிட்டப் பேசணுமாம்."

முத்தாயி திரும்பிப் போய் ஏறிக்கொண்டதும் டாக்சி போனது. தங்கம் உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தாள்.

"என்ன பண்றே?"

"பேசறதுக்கு முன்னாடி அடுக்கி வைக்கிறேன்."

"தங்கம், இன்னிக்கு ஒரு நாள்…"

"பாடுங்க. எப்படியும் போகப் போறோம். நல்லாவாவது பாடிட்டுப் போவோம்."

அன்று மாலை பின்சந்து கொள்ளவில்லை. துறைமுகத்துக் கூட்டாளிகள், தேக்கா மார்க்கெட்டுக் கறிக்கடைக்காரர்கள், எதிர்வீட்டுச் சலவைக்காரச் சீனத்தி, குழந்தையும் கையுமாய்ப் பெண்கள். ஆ செங் நாற்காலியோடு நிற்காமல் கோப்பியும் கொண்டு வந்துவிட்டார். தனசேகரன் முதல் பாட்டை முடித்ததும் பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தார். வானம்தான் இருந்தது. அப்புறம் அவர் குரல் திறந்துகொண்டது. வீட்டை எப்படியும் இழக்கப்போகிறவனின் குரல். அதற்குத் தனி இனிமை உண்டு.

மூன்றாவது பாட்டின் முடிவில் பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்: "ஒன்ஸ்மோர்!"

தனசேகரன் திரும்பி வேலாயுதத்தைப் பார்த்தார். "என்னையா?"

"உன்னையேதான், பாடுலா!"

பாடினார். கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் காரணம் ஆ செங்கின் கோப்பி அடுப்புப் புகை என்று அவரே பிறகு நாலு பேரிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இரட்டிப்பு. ஹாஷிமின் அக்கார்டியன் முனகத் தொடங்கியதும் ஆ செங் இடுப்பில் கட்டிய துண்டோடு ஆடத் தொடங்கினார். கறிக்கடைக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். சேக் தாவூது, கால்வலி என்று ஊரை ஏமாற்றி வந்த சேக் தாவூது, குதித்துக் குதித்து ஆடினார். இடையில் தனசேகரனையும் ஒரு பாட்டுப் பாட இழுத்துவிட்டார்கள். அக்கார்டியன் தமிழ்ப் பாட்டோடு இப்படிச் சேரும் என்று யாருக்குத் தெரியும்?

பாட்டு உச்சிக்குப் போன நேரம், சந்துமுனையில் ஒரு தேங்காய் லாரி நின்றது. முன்சீட்டிலிருந்து அன்னம்மா இறங்கினார். பின்னால் துணிப்பையோடு முத்தாயி.

கூட்டம் தானாக வழிவிட்டது. அன்னம்மா இடவலம் பார்க்காமல் நடந்து, பின்படியேறி மேலே போனார். மாடி ஜன்னல் படார் என்று திறந்தது.

தனசேகரனுக்கு வார்த்தை நின்றுவிட்டது. அக்கார்டியன் அரை மூச்சில் அடங்கியது. ஆ செங் தூக்கிய காலை மெதுவாகக் கீழே வைத்தார்.

டொம்! டொம்! டொம்!

"மூட்டை கட்டுங்கப்பா," என்றார் வேலாயுதம் கிசுகிசுப்பாக.

டொம்! டொம்! டொம்! இந்த முறை ஜன்னல் கதவே அதிர்ந்தது.

"திங்கக்கிழமைதானே வரதாச் சொன்னாங்க!" என்று பாய் நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார். நாற்காலி மடங்க மடங்க இடியும் கூடியது. ஹாஷிம் பெட்டியை மூடினார், இடி. ஒலிபெருக்கியை அணைத்தார்கள், இன்னும் பெரிய இடி. தங்கம் தகரப் பெட்டியைத் தூக்கிவந்து வாசலில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

முத்தாயி கீழே இறங்கி வந்தாள். வேகமாக வந்ததில் மூச்சு வாங்கியது.

தனசேகரன் கையெடுத்துக் கும்பிட்டார். "முத்தாயிக்கா, தப்புதான். இன்னிக்கே காலி பண்ணிடுறோம். பெட்டிகூட தயார்."

"தயாராவா இருக்கு? நல்லதாப் போச்சு," என்றாள் முத்தாயி. தங்கத்தை எழுப்பிவிட்டு, பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள். தெருப்பக்கம் போகவில்லை. மாடிப்படியில் ஏறத் தொடங்கினாள்.

"ஏய், ஏய்! பெட்டியை எங்க கொண்டுபோறே?" என்று தங்கம் பின்னால் ஓடினாள்.

"மேல முன்ரூமுக்கு. அம்மா பக்கத்து ரூம். இனிமே நீங்க அங்கதான். அதைப் பேசத்தான் திங்கக்கிழமைன்னு சொன்னாங்க. எங்க, பிடோக்கில ஒரு ராத்திரிகூட நிம்மதியா உக்காரல. ஒரே கடல் சத்தம், ஒரு பாட்டு இல்லேன்னு தேங்கா லாரியைப் பிடிச்சு வந்துட்டாங்க. ஓட்டை போட்டும் கீழயிருந்து சரியாக் கேக்க மாட்டேங்குதாம்."

சந்தே வாயைப் பிளந்து நின்றது. மேலே மறுபடியும் மூன்று இடி விழுந்தது.

"அப்ப… இது?" என்று தனசேகரன் ஜன்னலைக் காட்டினார்.

முத்தாயி படி நடுவில் நின்று, தலைச்சுமையோடு திரும்பினாள்.

"முன்னாடி இருந்த கிளாரினெட்காரரும் இப்படித்தான், தட்டத் தட்டப் பயந்து ஓடியே போயிட்டாரு, பொம்பளை வாய்விட்டுக் கத்தவா முடியும், அவங்க பாட்டுக்குப் பாட்டு ஒன்ஸ்மோர் கேட்டு உலக்கை பூணே கழண்டுடுச்சு, ஒரு தடவையாச்சும் திருப்பிப் பாடுனீங்களாய்யா?"