ஒப்பாரிக்கு உரிமை வாங்கியவர்

மதுரையில் புதுமண்டபத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் சிவனாண்டி அச்சுக்கூடம் வைத்திருந்தார். உலகத்திலுள்ள சகல ஞானத்தையும் ஜனங்களுக்கு இரண்டணாவில் கொடுப்பது அவர் கொள்கை. கனவு கண்டால் பலன், பல்லி விழுந்தால் பலன், பாம்பு கடித்தால் மருந்து எல்லாம் அவரிடம் கிடைக்கும். இவற்றை எழுதியவர் யார் என்று அவருக்குத் தெரியாது. கூலி கேட்டு வராத ஆசிரியரே சிறந்த ஆசிரியர் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. அடுத்த சந்தில் காளை என்று இன்னொரு அச்சுக்கூடக்காரர். சிவனாண்டி திங்கட்கிழமை போட்ட புத்தகத்தைக் காளை புதன்கிழமை ஒன்றரை அணாவுக்குப் போட்டுவிடுவார். உடையவன் இல்லாத சரக்கை நாம் எடுத்தால் தொழில், அவன் எடுத்தால் திருட்டு. இந்தச் சின்ன நியாயம்கூட அவனுக்குப் புரியவில்லையே என்று சிவனாண்டி மனம் நொந்தார். யாருக்கும் சொந்தமில்லாத, ஆனால் தனக்கு மட்டுமே சொந்தமான சரக்கு ஒன்று அவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது.

பரவையில் ஒரு துக்க வீட்டில் அது அகப்பட்டது. பெண்கள் கூடி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஏர் பிடிக்கிற கல்நெஞ்சுக்காரச் சம்சாரிகளெல்லாம் மீசை நனைய அழுதார்கள். சிவனாண்டியும் அழுதார், அழுதுகொண்டே பென்சிலை எடுத்து எழுதினார். எல்லாம் முடிந்ததும், பாட்டை எடுத்துக் கொடுத்த தங்கப்பொண்ணைக் கூப்பிட்டார்.

"இதெல்லாம் யாரும்மா கட்டுன பாட்டு?"

"யாருய்யா கண்டா? எங்க ஆத்தா பாடுனா. அதுக்கு முந்தி அவ ஆத்தா பாடுனா."

"அப்ப யாருக்கும் சொந்தமில்ல?"

"எல்லாருக்கும் சொந்தந்தான்ய்யா. எழவு எல்லார் வீட்டுலயும்தான விழுகுது."

எல்லாருக்கும் சொந்தம் என்றால் கேட்க ஆளில்லை என்று அர்த்தம். மறுநாள் காலை பத்து மணிக்குச் சிவனாண்டி பாட்டுரிமைப் பதிவு ஆபீஸ் வாசலில் நின்றார். தலைமைக் குமாஸ்தா முத்திருளன் பன்னிரண்டு மணிக்கு நிமிர்ந்து பார்த்தார்.

"பாட்டைக் கட்டியவர் பெயர்?"

"தெரியாதுங்க."

"உயிரோடு இருக்கிறாரா?"

"செத்து அம்பது வருசத்துக்கு மேல இருக்குமுங்க."

"அப்படியானால் மரணச் சான்று எங்கே?"

"பேரே தெரியாத ஆளுக்கு எப்படிங்க சான்று வாங்குறது?"

"பெயர் தெரியாதவர் என்பதற்காகச் சாகாமல் இருந்துவிட முடியுமா? செத்திருந்தால் சான்று இருக்கும். சான்று இல்லையென்றால் உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருந்தால் சம்மதக் கடிதம் கொண்டு வாருங்கள்."

பேச்சில் ஓட்டை எதுவும் இல்லாததால் சிவனாண்டி ஒரு வாழைத்தாரோடு பரவைக் கிராம முன்சீப் மலைச்சாமியைப் போய்ப் பார்த்தார். முன்சீப் கடமையில் கண்ணும் கருத்துமானவர். தாரை எடை பார்த்துவிட்டு உடனே எழுதிக் கொடுத்தார். பெயர்: தெரியவில்லை. ஆணா, பெண்ணா: பெண்ணாக இருக்கலாம். இறந்த காரணம்: துக்கம்.

ஆபீசில் சான்றைப் பார்த்து எல்லோரும் திருப்தியடைந்தார்கள். முத்திருளன் எழுந்து நின்று ஒரு நிமிஷம் மௌனம்கூட அனுஷ்டித்தார். பிறகு உத்தரவு பிறந்தது: "மேற்படி ஒப்பாரிகளை அச்சிடவும், வாசிக்கவும், பாடவும் மேற்படி சிவனாண்டி ஒருவருக்கே பாத்தியதை உண்டு. வேறெவரும் மேற்படியாரின் அனுமதியின்றி வாயாலோ இதர உறுப்புகளாலோ மேற்படி துக்கத்தை வெளிப்படுத்தலாகாது."

சிவனாண்டி இதைப் பரவைச் சந்தையில் தமுக்கு அடித்துச் சொல்லச் செய்தார். புத்தக அட்டையிலும் பெரிய எழுத்தில் போட்டார். காளை ஒரு பிரதி வாங்கி, அட்டையைப் படித்துவிட்டு, வெளிறிப்போய் வீட்டுக்குப் போனார். அவ்வளவு சந்தோஷம் சிவனாண்டிக்குக் கல்யாணத்தன்றும் வந்ததில்லை.

புத்தகம் நாகரிகமாகிவிட்டது. வக்கீல் வீடுகளில் கிராமபோனுக்குப் பக்கத்தில் அதை வைத்தார்கள். மாலையில் விருந்தாளி வந்தால் காபிக்கு அப்புறம் ஒரு பக்கம் வாசித்து, கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொள்வது மேலான குடும்பத்துக்கு அடையாளம் என்று பெயராயிற்று. வீட்டில் யாரும் சாகாதவர்கள் கொஞ்சம் வெட்கப்பட்டார்கள்.

இப்படியிருக்கையில் பரவையில் பெரிய சம்சாரி நல்லகாமன் தொண்ணூறு வயதில் காலமானார். மேளம் வந்தது, பூப்பல்லக்கு வந்தது, தங்கப்பொண்ணும் பத்துப் பெண்களும் வந்தார்கள். வந்து, தலையை விரித்துப் போட்டு, வெற்றிலை மென்றுகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏம்மா, பாடுங்க!" என்றார் நல்லகாமனின் மகன் ஜெயக்கொடி.

"எப்படிய்யா பாடுறது? சர்க்காரு உத்தரவு இருக்குல்ல. மதுரைக்காரவுக பாட்டாமே அது! வாயத் தொறந்தா ஜெயிலு."

ஒப்பாரி இல்லாமல் பிணம் எடுத்தால் ஊர் சிரிக்கும். ஜெயக்கொடி ஆபீசுக்கு ஆள் அனுப்பினார். துக்கத்துக்கே உரிமை எழுதிக் கொடுத்த சர்க்கார், துக்கம் தடைப்பட்டால் சும்மா இருக்குமா? ஒரு மணி நேரத்தில் சிவனாண்டிக்கு உத்தரவு வந்தது: "பாத்தியதை உள்ள இடத்தில் கடமையும் உண்டு. மேற்படி சிவனாண்டி உடனே நேரில் ஆஜராகி மேற்படி பிரேதத்துக்குப் பாட வேண்டியது."

சிவனாண்டி குதிரை வண்டி பிடித்து ஆபீசுக்கு ஓடினார்.

"ஐயா, எனக்கு இந்தப் பாட்டு வேணாம். திருப்பிக் குடுத்துர்றேன்."

"தாராளமாக. மூலகர்த்தாவிடம் ஒப்படைத்து ரசீது வாங்கி வாருங்கள்."

"அவ செத்துட்டாளே!"

"தெரியும். சான்று இங்கே பத்திரமாக இருக்கிறது. செத்தவரிடம் எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது. வண்டி நிற்கிறதல்லவா? பரவைக்குப் போங்கள்."

அன்றைக்கு மதுரைச் சீமை பார்க்காததைப் பார்த்தது. சில்க் ஜிப்பா போட்ட ஓர் ஆண்பிள்ளை, பதினோரு பெண்களுக்கு நடுவில் சம்மணமிட்டு, மூக்குக்கண்ணாடியோடு புத்தகத்தைப் பிரித்தார். தகப்பனுக்கு மகன் பாடும் பாட்டு அதில் இல்லை. ஆகவே மகள் பாடும் பாட்டையே பாடினார்:

"சீர்வரிசை கொண்டுவந்து சிங்காரம் பார்த்த அப்பா,
வாக்கப்பட்ட ஊருக்கு வழிமறந்து போனீரே..."

"இழுத்துப் பாடுங்கய்யா," என்றாள் தங்கப்பொண்ணு. "மாரடிக்காமப் பாடுனா பாட்டு நிக்காது."

சிவனாண்டி மாரடித்தார். அடிக்க அடிக்க அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. இத்தனை கஷ்டப்பட்டா இவர்கள் இதைப் பாடிவந்தார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. நல்லகாமனுக்காகவும் கொஞ்சம் அழுதார். பெரும்பாலும் தமக்காக அழுதார். ஊரே பாராட்டியது. கிளம்பும்போது பசுமலையிலிருந்தும் ஆனையூரிலிருந்தும் வந்த இரண்டு பேர் வண்டியை மறித்தார்கள். அங்கேயும் பிணம் காத்துக்கொண்டிருந்தது.

பதினைந்து நாளில் அவருக்குத் தொண்டை போயிற்று, நெஞ்சு வீங்கியது, அச்சுக்கூடம் பூட்டிக் கிடந்தது. பதினாறாம் நாள் நேராக ஆபீசுக்குப் போனார், அந்த முத்திருளனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று. வாசலில் காளை சுருண்டு படுத்திருந்தார். கண் இரண்டும் கோவைப்பழம்.

"என்ன தம்பி, உனக்கு என்ன வந்துச்சு?"

"தாலாட்டுப் பூராத்தையும் என் பேர்ல பதிஞ்சேன் அண்ணே. ஆனையூர்ல மட்டும் நாப்பது பிள்ளைக. நான் போய்ப் பாடாம ஒண்ணும் தூங்க மாட்டேங்குது."

அவருக்குப் பின்னால் மனுவோடு ஒரு நீள வரிசை நின்றது. நடவுப் பாட்டுக்கு ஒருவர், குலவைக்கு ஒருவர். சிவனாண்டி அவர்களைப் பார்த்தார், ஆபீஸ் கதவைப் பார்த்தார், மூச்சை இழுத்து வாயைத் திறந்தார். காளை பாய்ந்து எழுந்து அவர் வாயைப் பொத்தினார்.

"வேணாம்ண்ணே! ஆபீசத் திட்டுற வார்த்தை அம்புட்டும் இன்னிக்குக் காலைல பேயாண்டி பேர்ல பதிவாயிருச்சு. அரை மணி நேரத்துல உத்தரவு குடுத்துட்டாக. ஒரு கேள்வி கேக்கல."

பேயாண்டி என்பவர் பட்டாவுக்காகப் பதினோரு வருஷம் ஆபீஸ் ஆபீசாக அலைந்த சம்சாரி. திட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சிவனாண்டி அந்த நிமிஷமே அவரைத் தேடிப் போய், தம் சார்பில் நாலு வார்த்தை திட்டிக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினார்.

பேயாண்டி சிரித்தார். அவருக்கு மத்தியானமே பட்டா கிடைத்துவிட்டது.

ஆக, இந்த ஜில்லாவில் ஆபீசைத் திட்ட உரிமையுள்ள ஒரே மனிதர் இன்று மனநிறைவோடு உழுதுகொண்டிருக்கிறார். மற்ற எல்லோரும் வரப்பில் வரிசையாக நின்று, அவருக்கு எப்போது கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.