கிட்டாரின் விலாவில் ஓர் ஓட்டை

கரியாலூரில் மச்சினன் இளவரசன் புது வீடு கட்டி முடித்த சேதி வந்த அன்றே தெய்வசிகாமணி முடிவு செய்துவிட்டார். கிரகப்பிரவேசத்தன்று மாலை, மாமனார் வீட்டு சனம் மொத்தமும் உட்கார்ந்திருக்க, மேடையேறிக் கிட்டார் வாசிப்பது. அரை மணி நேரம். கைதட்டினால் முக்கால் மணி.

காரணம் இருந்தது. கள்ளக்குறிச்சியில் மரவள்ளிக் கிழங்கு மூட்டை தூக்குவதில் ஆரம்பித்து, லாரி லாரியாக ஏற்றி அனுப்பும் அளவுக்கு வந்தவர் அவர். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடிபட்டுக் கற்றது. எதற்கும் சொன்ன விலையைக் கொடுத்ததில்லை. டாக்டர் பத்து நாள் மாத்திரை என்று எழுதினால் ஏழு நாளுக்குப் பேசி முடிப்பார். அப்படிப்பட்ட ஆளுக்கு மாமனார் வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக ஒரே பெயர், ‘கெழங்கு மாப்ள’. அந்தப் பெயரை அழிக்கத்தான் மூன்று வருஷமாகப் போனைப் பார்த்துக் கிட்டார் பழகிக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு குறை. வாசிக்கிற சத்தம் தன் காதுக்குச் சரியாக வந்து சேரவில்லை என்று அவருக்குப் பட்டது. அதற்கும் போன்தான் பதில் சொன்னது. கிட்டாரின் வயிற்றிலுள்ள வட்ட ஓட்டை, எதிரே இருப்பவனைப் பார்த்துச் சத்தத்தை அனுப்புகிறது. மடியில் வைத்து வாசிக்கிறவனுக்கு மிச்சம் மீதிதான். விலாப்பக்கம், அவன் முகத்தைப் பார்த்தாற்போல் இன்னோர் ஓட்டை போட்டால், சத்தம் நேரே அவன் காதுக்கு வரும்.

தெய்வசிகாமணிக்குச் சுர்ரென்று ஏறியது. கிட்டார் வாங்கியது இவர். விரல் காய்த்துப்போனது இவருக்கு. முழுச் சத்தத்தையும் அனுபவிக்கிறவன் எதிர்வீட்டுக்காரனா? அதுவும் இனாமாக?

மனைவி ராதிகாவிடம் சொல்வதுதான் பெரிய வேலை. சுவரில் ஓர் ஆணி அடிக்க அனுமதி கேட்டாலே மூன்று நாள் எடுத்துக்கொள்கிறவள். பதினொரு வாதங்களைத் தயார் செய்துகொண்டு மத்தியானச் சாப்பாட்டில் உட்கார்ந்தார். முதல் வாதம் பாதியில் இருக்கும்போதே, ரசக் கரண்டியும் கையுமாக அவள் மறித்தாள்.

“ஓட்ட போட்டா, நீங்க வாசிக்கறது ஒங்களுக்கே நல்லா கேக்குமா?”

“தெளிவா கேக்கும்.”

“எங்களுக்குக் கேக்கற மாதிரியே?”

“அதவிட ஜாஸ்தியா கேக்கும்டி.”

“அப்ப இன்னிக்கே போட்டுக்கினு வந்துடலாம். நானும் வர்றேன்.”

மிச்சம் பத்து வாதம் வீணாய்ப் போனதில் அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் இவள் இவ்வளவு சீக்கிரம் படிந்து அவர் கண்டதில்லை. தன் வாசிப்பு அவளை உருக்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. தன் கடையில் பூஜையறைக் கதவொன்றில் யானை செதுக்கிக்கொண்டிருந்த ஆசாரி வெற்றிவேல், கிட்டாரை வாங்கி டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். விலாவைத் தட்டினார். பலகை ரொம்ப மெல்லிசு, உள்பக்கம் ஒரு துண்டு ஒட்டிப் பலப்படுத்திவிட்டுத்தான் அறுக்கணும், எலுமிச்சம்பழ அளவு போதும் என்றார். கூலியும் சொன்னார்.

தெய்வசிகாமணி கூலியில் கை வைக்கவில்லை. அளவில் வைத்தார். ஓர் எலுமிச்சம்பழத்துக்கா இந்தக் கூலி, ஆரஞ்சு அளவு போடுங்க என்றார். பலகை தாங்காது என்றார் ஆசாரி. இவர் சாத்துக்குடிக்கு இறங்கி வந்தார். ஆசாரி அசையவில்லை. இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனார். யாரும் கூப்பிடாததால் தானே திரும்பி வந்தார். கடைசியில் எலுமிச்சை அளவில் ஒன்று, பக்கத்திலேயே நெல்லிக்காய் அளவில் இன்னொன்று இலவசம் என்று முடிந்தது. வெற்றிவேல் தொழிலில் எத்தனையோ பேரைப் பார்த்தவர். ஓட்டைக்குக் கொசுறு கேட்டு வாங்கிய முதல் ஆள் இவர்தான்.

ராதிகா ஒன்றே ஒன்று கேட்டாள்.

“போட்டப்புறம் இத அடைக்க முடியுமா ஆசாரி?”

“பழையபடி ஆவாதும்மா.”

“செரி, போடுங்க.”

மறுநாள் காலை தெய்வசிகாமணி கூடத்து நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, முதல் தடவையாகத் தன் வாசிப்பைக் காதாரக் கேட்டார்.

கண்ணைத் திறந்தார். கிட்டாரைக் கவிழ்த்து உலுக்கினார். கொஞ்சம் மரத்தூள் விழுந்தது. மறுபடி வாசித்தார். மூன்றாவது கம்பி மற்ற கம்பிகளோடு பேச்சுவார்த்தை இல்லாமல் தனியாக அலறியது. பாட்டிலுக்குள் மாட்டிய ஈ மாதிரி ஏதோ ஒன்று விடாமல் கிர்ரென்று இரைந்தது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் சங்கராபுரம் பஸ் ஒன்று போய்த் திரும்பி வந்துவிடலாம் போலிருந்தது.

ஆசாரி கிட்டாரைக் கெடுத்துவிட்டான், இப்போதே போய் அவன் உளியைப் பிடுங்கி எறிகிறேன் என்று குதித்தார். ராதிகா பதறவில்லை. எதற்கும் ஒரு வெளியாளைக் கேட்டுக்கொண்டு போகச் சொன்னாள். அது நியாயமாகப் பட்டது. மதில் பக்கம் போய், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பச்சையம்மாளைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, ஓட்ட போட்டதுக்கு முன்னாடி இருந்த சத்தத்துக்கும் இப்பத்திய சத்தத்துக்கும் இன்னா வித்தியாசம்? ஒளிக்காம சொல்லு.”

“ஒரு வித்தியாசமும் இல்லண்ணா.” அவள் புடவையை உதறிக் கொடியில் போட்டாள். “மூணு வருசமா இப்டியேதான் கீது.”

மனுஷன் வீட்டுக்குள் திரும்பினார். ஆசாரியின் கடைக்குப் போகவில்லை. இரண்டு நாள் ஓட்டைகளில் துணியைத் திணித்து வாசித்துப் பார்த்தார். பஞ்சை வைத்துப் பார்த்தார். ஒரு தடவை கேட்டுவிட்ட காது கேட்டதுதான்.

விழாவுக்கு இன்னும் எட்டு நாள். மேடையேறினால் மானம் போகும். ஏறமாட்டேன் என்று தானாகச் சொன்னாலும் போகும். ஆகவே விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்தார். ராதிகா மூன்று தடவை கெஞ்சுவாள், நாலாவதில் ஒரு பாட்டுக்கு மட்டும் இறங்கி வரலாம் என்பது கணக்கு.

“வெரல் புடிச்சிக்கிச்சி ராதிகா. வாசிக்கறது கஷ்டம். ஒந்தம்பிதான் பாவம், நம்பிக்கினு இருப்பான்.”

“அய்யோ” என்றாள் ராதிகா. அத்தோடு சரி. வெங்காயத்தை அரிந்துகொண்டிருந்தாள்.

“வேணும்னா ஒரே ஒரு பாட்டு...”

“வேணாங்க. வெரல கெடுத்துக்காதீங்க.”

சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து மஞ்சள் தடவிய ஒரு பத்திரிகையை எடுத்துக் கொடுத்தாள். அவர் படித்தார். மாலை ஆறு மணிக்குக் கோகிலவாணி குழுவினரின் பாட்டுக் கச்சேரி. அதற்குக் கீழே, பந்தி மேற்பார்வை: மாப்பிள்ளை தெய்வசிகாமணி.

“இது எப்ப அடிச்சது?”

“ஆசாரிகிட்ட போனோமே, அதுக்கு முந்துன செவ்வாக்கெழம.”

“நான் வாசிச்சே தீருவேன்னு நின்னிருந்தா இன்னா பண்ணியிருப்ப?”

“அதான் தெரியாம முழிச்சிக்கினு இருந்தேன். நீங்களே வந்து ஓட்ட போடலாமான்னு கேட்டீங்க.”

தெய்வசிகாமணி விரல் கட்டை அவிழ்த்துவிட்டு, முதல் பந்திக்கு எத்தனை இலை என்று கேட்டார்.